லாட வடிவ மேசையின் முன்

செப்டம்பர் 14

விரலின் அழுத்தத்தையே தன் சங்கீதத்தின் ஜீவநாடியாக எண்ணிப் பல ஆண்டுகள் பியானோ பழகிய ஒருவனை, அந்த அழுத்தத்துக்குச் சற்றும் செவிசாய்க்காத ஒரு வாத்தியத்தின் முன் உட்கார வைப்பது ஒருவகைக் கொடுமைதான். வட இங்கிலாந்தில் நான் குடியிருக்கும் சிற்றூரின் பொது மண்டபத்தில், மூடிப்போன சினிமாக் கொட்டகையொன்றிலிருந்து ஆர்வலர் சிலர் கழற்றிக் கொணர்ந்து மீண்டும் பூட்டி வைத்திருக்கும் வுர்லிட்ஸர் தியேட்டர் ஆர்கனில் இன்று எனக்கு முதல் பாடம். கட்டையை மெல்லத் தொட்டாலும் ஓங்கி அறைந்தாலும் பிறக்கும் நாதம் ஒன்றே. விரலை எடுத்த மாத்திரத்தில் அது அறுந்துவிடுகிறது. பியானோவில் நாதத்தை நீட்டித்துக் கொடுக்கும் மிதியும் இங்கில்லை. ஆகையால், ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்குப் போகுமுன், அழுத்திய கட்டையை விடாமலே ஒரு விரலின் இடத்தில் மற்றொரு விரலை நழுவவிட்டு மாற்றும் வித்தையைத்தான் முதலில் கற்க வேண்டியிருக்கிறது.

ஒலியைப் பெருக்குவதும் அடக்குவதும் வலக்காலின் உத்தியோகம். அது ஒரு மிதியை அசைக்க, சுவருக்கு அப்பால் குழல்கள் நிற்கும் அறையின் மரச்சட்டக் கதவுகள் திறந்து மூடுகின்றன. இடக்கால் தன்னந்தனியாகக் கீழ்க்கட்டைகளில் மந்திர ஸ்தாயியைக் கவனித்துக்கொள்கிறது. தேவாலயத்து ஆர்கன்காரர் இரு கால்களாலும் செய்யும் வேலையை இங்கே ஒரு காலே செய்தாக வேண்டும்.

“உங்கள் கைகள் நல்ல கைகள், ஆனால் அவற்றை நம்பாதீர்கள்” என்றார் ஆசிரியர். எழுபதைக் கடந்தவர், அதற்குமேல் எதையும் விளக்கிச் சொல்லும் வழக்கம் அவருக்கில்லை.

அக்டோபர் 5

இந்த விபரீதத்தின் காரணபுருஷர் யாரென்று தேடிப் படித்தேன். ராபர்ட் ஹோப்-ஜோன்ஸ் என்பவர், 1859இல் செஷயரில் பிறந்தவர், தொழிலால் டெலிபோன் என்ஜினீயர். கட்டைக்கும் குழலுக்கும் நடுவே மரக்கோல்களும் நெம்புகோல்களும் இருந்த இடத்தில் மின்கம்பியை வைத்துவிட்டால், வாசிப்பவன் அமரும் மேசையைக் குழல்களிலிருந்து பிரித்து வேண்டிய இடத்தில் நிறுத்தலாம் என்பதோடு, ஒரே குழல் வரிசையை வெவ்வேறு ஸ்தாயிகளில் வெவ்வேறு பெயரால் அழைத்து வேலை வாங்கலாம் என்பதையும் கண்டுகொண்டவர் அவர். குழல் நீளக் கணக்கில் பதினாறு அடி என்னும் தாழ்ந்த ஒலியிலிருந்து இரண்டடி என்னும் உயர்ந்த ஒலிவரை ஒரு வரிசை பேசவேண்டுமானால் 97 குழல்கள் போதும். பழைய முறைப்படி ஒவ்வொரு ஸ்தாயிக்கும் தனி வரிசை வைத்தால் இதுபோல் இரண்டரை மடங்கு தேவைப்படும். லாடம் போல் வளைந்த மேசையின் விளிம்பில் வண்ண வண்ண நாக்குகளாக வரிசை கட்டியிருக்கும், குழல் வரிசைகளை அழைக்கும் ஸ்டாப்புகளின் எண்ணிக்கை கண்டு மலைத்துப்போகும் புதியவன், உள்ளே இருப்பவை என்னவோ சில வரிசைகள்தாம் என்பதை அறிந்தால் சற்று ஆசுவாசம் கொள்வான். சிக்கனம் செய்துவிட்டுச் சிம்மாசனம் போட்டதாகத் தேவாலய ஆர்கன்காரர்கள் பழிப்பதுண்டு. பழிப்பில் உண்மை இல்லாமலில்லை.

1903இல் அமெரிக்கா சென்ற ஹோப்-ஜோன்ஸ், 1910இல் நியூயார்க் மாகாணத்து வடக்கு டோனவாண்டாவிலிருந்த வுர்லிட்ஸர் கம்பெனியில் சேர்ந்தார். 1914இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவருடைய யுக்திகளைக் கொண்டு அக்கம்பெனி ஈராயிரத்துக்கு மேற்பட்ட ஆர்கன்களைப் பிற்பாடு உலகெங்கும் அனுப்பியதை அவர் பார்க்கவில்லை.

நவம்பர் 16

இன்று வாசிப்பு இல்லை. தோல் கிழிந்த ஒரு சிறு துருத்தியை மாற்றவேண்டியிருந்ததால், ஆசிரியரோடு ஏணிவழியே குழல் அறைக்குள் ஏறினேன். வெளியே ஒரு நாக்கைத் தட்டினால் ஒலிக்கும் ஸைலஃபோன் இங்கே நிஜமான மரக்கட்டைகளும் நிஜமான சுத்திகளுமாகச் சுவரில் மாட்டியிருக்கிறது. மத்தளம், ஜால்ரா, பனிவண்டிக் குதிரையின் கழுத்துமணி, நீரில் கொப்புளிக்கும் பறவைச் சீழ்க்கை, குதிரைக் குளம்போசைக்கான இரட்டைக் கிண்ணம் எல்லாமே மெய்யான பண்டங்கள். அவற்றை இயக்குவது கீழிருந்து மின்சார ஊதி ஓயாமல் அனுப்பும் காற்று. ஊமைப்படக் காலத்து முதலாளிகள் இதை வாங்கியது கலையார்வத்தால் அன்று. ஒரு வாத்தியக் கோஷ்டிக்குக் கொடுக்கும் சம்பளத்தை ஒற்றை ஆளோடு முடித்துக்கொள்ளலாம் என்ற கணக்கினால்தான். 1927இல் ‘ஜாஸ் சிங்கர்’ என்னும் படம் வாய் திறந்ததும் அந்த ஒற்றை ஆளுக்கும் அமெரிக்காவில் வேலை போயிற்று. இங்கிலாந்திலோ இது வேறுவிதமாக நடந்தது: படம் பேசத் தொடங்கிய பிறகுதான் இடைவேளை வாசிப்புக்கென்று ஆர்கன்கள் மும்முரமாக வந்திறங்கின, லண்டன் கில்பர்னில் நான்கு கட்டை வரிசைகளும் பதினாறு குழல் வரிசைகளும் கொண்ட கோமான்ட் ஸ்டேட் ஆர்கன் முழங்கத் தொடங்கியது 1937இல்.

முழு வாத்தியக் கோஷ்டியைப் பாவனை செய்யப் பிறந்த இயந்திரம் அந்தப் பாவனையில் தோற்றது. தோற்ற இடத்திலேதான் அது தனக்கென ஒரு குரலைப் பெற்றது என்பது இந்த அறைக்குள் நின்று கேட்டபோது எனக்கு உறுதிப்பட்டது. டிபியா கிளாஸா என்னும் மூடிய மரக்குழல்களுக்கு ட்ரெமுலண்டைச் சேர்த்தால், குழலுக்குப் போகும் காற்றே துடிதுடிக்க, எழும் நாதம் உலகத்தில் எந்த வாத்தியக் கோஷ்டியிலும் கேட்க முடியாதது. நம் காதுக்கு அது முதலில் கமகம்போல் தோன்றும். கொஞ்சம் கேட்டால் அல்லவென்று தெரியும். கமகம் ராகத்தின் கட்டளைப்படி இந்த ஸ்வரத்துக்கு இவ்வளவு என்று அளந்து வருவது. இதுவோ எல்லா ஸ்வரத்தையும் ஒரே சீராக உலுக்குவது. ஆகவே இதை எப்போது நிறுத்துவது என்பதில்தான் ரஸனை இருக்கிறது என்று நினைக்கிறேன். ஓயாமல் போட்டு வைப்பவர்களே அதிகம்.

ஜனவரி 11

இரட்டை அழுத்தம் ஒருவாறு வசப்படுகிறது. கட்டையின் அடியில் இன்னொரு வில் எதிர்க்க, அதையும் மீறி அழுத்தினால் வேறொரு ஸ்டாப் சேர்ந்து ஒலிக்கும். இடக்கையின் துணைச் சுரங்களுக்குள்ளிருந்து ஒரு தனிக் குரலை எழுப்ப இது உதவுகிறது. விரலின் பலத்துக்கு இந்த வாத்தியம் அளித்த ஒரே சலுகை. பலத்துக்கு ஏற்ற அளவெல்லாம் கிடையாது. உண்டு அல்லது இல்லை.

பிளாக்பூல் டவர் நடனசாலைக்குப் போய்வந்தேன். 1930 முதல் 1970 வரை அங்கே வாசித்த ரெஜினால்ட் டிக்ஸனின் பாணி இன்னும் அந்த இடத்தை ஆள்கிறது. மேடையிலிருக்கும் மூன்று கட்டை வரிசை வுர்லிட்ஸர் 1935இல் வந்தது. வாசிப்பு ஆடுகிற கால்களுக்காக என்பதால் தாளம் இம்மியும் பிசகுவதில்லை. ஒவ்வொரு சுரமும் கத்தரித்ததுபோல் குறுகி விழுகிறது. இதற்கு நேர்மாறாக, நியூயார்க் பாராமவுண்ட் கொட்டகையில் ஜெஸ்ஸி கிராஃபோர்டு வாசித்த இழைந்து வழுக்கும் காதற்பாட்டு பாணியே என் ஆசிரியருக்கு வேதம். பிளாக்பூல் என்றால் அவர் முகம் கோணுகிறது. எனக்கோ, கதவு மிதியை எந்நேரமும் பம்ப்பு அடிக்கும் பழக்கத்திலிருந்து என் வலக்கால் விடுபட, அந்த நறுக்கான தாளமே நல்ல மருந்தாகப் பட்டது. அவரிடம் சொல்லவில்லை.

மார்ச் 8

வசந்தகாலத்தில் மண்டபத்தில் பஸ்டர் கீட்டனின் ‘தி ஜெனரல்’ என்னும் ஊமைப்படத்தைக் காட்டப்போகிறார்கள். முதல் பகுதிக்கு ஆசிரியரும் பின்பகுதிக்கு நானும் துணை வாசிக்க ஏற்பாடு. 1926இல் எடுத்த அப்படத்தில், எரியும் பாலம் முறிந்து மெய்யான ரயில் எஞ்சினொன்று ஆற்றில் கவிழும் காட்சி என் பங்கில் வருகிறது. இடி முழக்கம், ஜால்ரா, ஊதல், பதினாறடிக் குழல்களின் கர்ஜனை ஆகிய அத்தனையும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, அந்தக் கணத்தில் இரு கைகளையும் எடுத்துவிட்டுச் சும்மா இருக்கச் சொல்கிறார். படத்தில் அதைப் பார்த்துத் திகைத்து நிற்கும் சேனாதிபதியின் முகம் வரும்வரை ஓசை கூடாதாம். அது சரியென்று என் புத்திக்குப் படுகிறது. ஆனால் ரயில் ஊதல் வைத்த ஆர்கனைப் பழகிவிட்டு, ரயில் படத்தில் அதை ஊதாமல் எழுந்து வருவதென்பது மனித சுபாவத்துக்கு விரோதம். கடைசியில், எஞ்சின் திருட்டுப்போகும் காட்சியில் அவர் பங்கிலே ஒருமுறை ஊதிக்கொள்ள எனக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. அதற்காக நான் அவர் பெஞ்சின் ஓரத்தில் முன்கூட்டியே வந்து உட்கார வேண்டும்.