மயிலாப்பூர் மொட்டைமாடியில் நீல மை காயப்போட்ட கதை

போன மாசி மாசம் மக வீட்டுக்கு மயிலாப்பூர் போயிருந்தேன். சம்பா அறுவடை முடிஞ்சு, மூட்டையெல்லாம் கொள்முதல் நிலையத்துல எடை போட்டு, உளுந்தும் முளைச்சுக் கிடந்தது. பத்து நாளைக்கு நான் இல்லைன்னாலும் வயல் கோவிச்சுக்காது. மன்னார்குடியில ராத்திரி மன்னை எக்ஸ்பிரஸ் ஏறினா விடியக்காலை எழும்பூர். பையில அரிசி, தேங்காய், முருங்கைக்காயோட ஒரு நீட்டு நோட்டும் இருந்தது. அந்த நோட்டுக்காகத்தான் கிளம்பினேன்னு மககிட்ட சொல்லலை.

ஆறாவது நாள் சாயந்தரம் மாப்பிள்ளை மொட்டைமாடிக்கு வந்தவர் அப்படியே நின்னுட்டார். துணி காயப்போடுற கொடியில கிளிப் மாட்டி பத்துப் பன்னிரண்டு தாள் தொங்குது. ஒண்ணொண்ணுல இருந்தும் நீலமா தண்ணி சொட்டுது. கீழே பக்கெட்.

"என்ன மாமா இது?"

"பரீட்சை வச்சிருக்கேன் மாப்பிள்ளை. யாரு பாஸ்னு நாளைக்குத் தெரியும்."

பாவம், மேற்கொண்டு எதுவும் கேக்காம துணியை மட்டும் எடுத்துக்கிட்டு இறங்கிட்டார்.

எனக்கு ஊற்றுப் பேனா பழக்கம் பள்ளிக்கூடத்துல தொத்தினது. எங்க காலத்துப் பிள்ளைகளுக்கு இது தெரியும். மை தீர்ந்துட்டா பக்கத்துப் பையன்கிட்ட ரெண்டு சொட்டு கடன். அவன் பெஞ்சு மேல சொட்டு விடுவான், நாம நிப்பை வச்சு உறிஞ்சிக்கணும். சட்டைப் பையில நீலக் கறை இல்லாதவன் படிக்கிற பையனே இல்லை. அதுக்கப்புறம் பால்பாயிண்ட் வந்தது, ஜெல் வந்தது. நான் மட்டும் மாறலை. பெருமைக்கு இல்லை. மண்வெட்டி பிடிச்சுக் காய்ச்சுப்போன கைக்கு, அழுத்தாம எழுதுற பேனாதான் சுகம். ராத்திரி சாப்பிட்டதும் அன்னன்னிக்கு வரவு செலவு, யாருக்கு எத்தனை ஆள் கூலி பாக்கி, யாரு கைமாத்து வாங்கினது, எந்த வயலுக்கு என்ன உரம், எல்லாம் நீட்டு நோட்டுல ஏறிடணும். எங்க அப்பாவும் அப்படித்தான். அவர் பாரிஸ் பக்கம் ஜெம் அண்ட் கோ கடையில வாங்கின பேனா இன்னும் பீரோவுல கிடக்கு. எழுதாது, ஆனா தூக்கிப்போட மனசு வரலை.

மையைப் பத்தி நான் யோசிச்சதே கிடையாது. நீலமா இருக்கா, கடையில கிடைக்குதா, சரி. கண்ணுக்குப் பளிச்சுனு இருக்கிற ராயல் புளூதான் பல வருஷமா.

2018 நவம்பர் 16 விடியக்காலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்துச்சு. எங்க பக்கமெல்லாம் தென்னை சாய்ஞ்ச கதை நீங்க பேப்பர்ல படிச்சிருப்பீங்க, அதை இங்க திரும்பச் சொல்லலை. என் வீட்டுல முன்பக்க ஓடு பூரா பறந்துடுச்சு. பீரோ மேல இருந்த நோட்டுக் கட்டு ராத்திரி முழுக்க மழையில ஊறியிருக்கு. மூணாம் நாள் வெயில் வந்ததும் பிரிச்சு வச்சுப் பார்க்குறேன். என்னோட நோட்டுல எழுத்தே இல்லை. தாள் முழுக்க வெளிறின நீலம், ஏரித்தண்ணியில வானம் தெரியுற மாதிரி. கோடு போட்டது மட்டும் இருக்கு, நான் எழுதினது போயிடுச்சு.

அதே கட்டுல அடியில அப்பாவோட பழைய நோட்டு ஒண்ணு. அதுவும் சொட்டச் சொட்ட நனைஞ்சதுதான். தாள் பழுப்பேறி, ஓரம் நைஞ்சு போச்சு. ஆனா எழுத்து அப்படியே இருந்தது, கறுப்பா. 1977 நவம்பர்ல நாகப்பட்டினத்தைத் தாக்கின புயல் இருக்கே, அப்போ விழுந்த மரக் கணக்கைத் தோப்பு வாரியா எழுதி வச்சிருக்கார். ஒரு புயல் கணக்கை இன்னொரு புயல் அழிக்க முடியலை. என் கணக்கு மட்டும் நாலு மணி நேர மழைக்குத் தாங்கலை.

இதுல வெறும் தாள் போயிருந்தா நான் இவ்வளவு தூரம் எழுத மாட்டேன். அந்த நோட்டுலதான் ஐப்பசி களையெடுப்புக் கூலி இருந்தது. நடவுக்கும் களைக்கும் ஆள் கூட்டிக்கிட்டு வர்ற அக்கா ஒருத்தங்க இருக்காங்க, எங்க அப்பா காலத்துல இருந்து எங்க வயல்ல இறங்குறவங்க. ஆறு பொம்பளைங்க, பதினோரு நாள்னு அவங்க சொன்னாங்க. எட்டு நாள்தான்னு எனக்கு ஞாபகம். நோட்டைக் காட்டச் சொன்னாங்க. எதைக் காட்டுறது? "இல்லக்கா, எட்டுதான், எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு"ன்னு சத்தமாவே சொல்லிட்டேன். எட்டு நாள் கூலியைக் கொடுத்தேன். அவங்க ஒண்ணும் பேசலை. எண்ணி முந்தானையில முடிஞ்சுக்கிட்டு போயிட்டாங்க. வீடு இல்லாம நின்ன நேரத்துல, ஆறு பேருக்கும் மூணு மூணு நாள் கூலியை நான் முழுங்கியிருக்கேன்.

அதுக்கு அடுத்த வாரம் அவங்க வீட்டுக்குத் தார்ப்பாய் கொடுக்கப் போனேன். கூரை போயிருந்தது, சுவரும் பாதி கரைஞ்சிருந்தது. நிலையும் கதவும் மட்டும் நின்னுச்சு. கதவுக்கு உள்பக்கம் கரியால கோடு போட்டு வச்சிருந்தாங்க. அஞ்சு அஞ்சா கட்டி, குறுக்கே ஒரு கோடு. எங்க வயலுக்கு ஒரு வரிசை. நானா எண்ணினேன். பதினொண்ணு.

மறுநாள் பதினெட்டு ஆள் கூலியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "வேணாம் தம்பி"ன்னெல்லாம் சொல்லலை அவங்க. ரெண்டு தடவை எண்ணி வாங்கிக்கிட்டு, "உன் நோட்டு நனைஞ்சா நீ என்ன செய்வே, பாவம்"னாங்க. அந்தப் பாவம்ங்கிற வார்த்தை என் காதுல இன்னும் இருக்கு.

கொஞ்ச நாள் பால்பாயிண்ட்டுல எழுதிப் பார்த்தேன். அதோட மை எண்ணெய்ப் பசை உள்ளது, தண்ணிக்கு அசையாது. ஆனா ரெண்டு பக்கம் எழுதறதுக்குள்ள கட்டைவிரல் மூட்டு வலிக்குது. மறுபடி ஊற்றுப் பேனாவுக்கே வந்தேன், மையை மட்டும் மாத்தணும். எங்க ஊர்க் கடையில நீலம்னா ஒரே நீலம்தான். அதனாலதான் மெட்ராஸ்.

மயிலாப்பூர் மாடவீதிப் பக்கத்துல ஸ்டேஷனரிக் கடையில பிரில், கேமல் ரெண்டும் கிடைச்சுது. பாண்டி பஜார்ல பார்க்கர் குயிங்க். அங்க இப்ப அகலமா நடைபாதை போட்டு ஆளுங்களை நடக்க விட்டிருக்காங்க, நல்லாத்தான் இருக்கு, ஆனா உட்கார்ந்து எழுந்தே பாதி நாள் போயிடுது. அடையாறுல ஒரு கடையில வெளிநாட்டுப் புட்டிங்க வரிசையா கண்ணாடிக்குள்ள, நகைக்கடை மாதிரி. பெலிக்கன் 4001ல ராயல் புளூ ஒண்ணு, புளூ பிளாக் ஒண்ணு. வாட்டர்மேன் செரினிட்டி புளூ. சைலர்னு ஒரு ஜப்பான் கம்பெனி, அதுல செய்போகுன்னு ஒண்ணு. கடைசிப் புட்டியோட விலைக்கு ஊர்ல பல ஆளை நடவுக்கு இறக்கலாம். வாங்கிட்டேன், மககிட்ட விலையைச் சொல்லலை.

கடைக்காரத் தம்பி நல்லா விவரம் தெரிஞ்சவர். கேமலினும் குயிங்க்கும் ரெண்டும் 1931ல பிறந்ததுன்னு அவர்தான் சொன்னார். பம்பாய்ல தாண்டேகர் குதிரை மார்க் மைப்பொடியில ஆரம்பிச்சு அப்புறம் ஒட்டகத்துக்கு வந்தாராம். சுதேசி மை வேணும்னு காந்தி ஆசைப்பட்டு அதுல இருந்து கல்கத்தாவோட சுலேகா வந்த கதையையும் சொன்னார். எனக்கு வேண்டியது வேற கதை. "தம்பி, தண்ணி பட்டா நிக்குமா?"ன்னேன். அவர் சிரிச்சுட்டு, "சார், ராயல் புளூன்னாலே துவைச்சா போற மைதான், புட்டியிலயே வாஷபிள்னு போட்டிருப்பாங்க பாருங்க"ன்னார்.

இத்தனை வருஷம் நான் அதைப் படிச்சதே இல்லை. குழந்தைங்க சட்டையில கொட்டினா துவைச்சா போகணும், அதுக்காக அப்படி செய்யறாங்க. ஜெர்மனியில பள்ளிப் பிள்ளைங்க ராயல் புளூவுல எழுதி, தப்பாயிட்டா ஒரு அழிக்கிற பேனாவால தடவினா எழுத்து மறைஞ்சுடுமாம். அழியறதுதான் அதோட குணம். குத்தம் மையில இல்லை, அதுல கூலிக் கணக்கு எழுதினவன்கிட்ட.

சரி, பரீட்சைக்கு வர்றேன். உயர்ந்த தாள்ல சோதிக்கலை, ஊர்ல நான் எழுதுற அதே நீட்டு நோட்டுத் தாள். ஒவ்வொரு மையிலயும் ஒரே வரி: "களை, ஆறு ஆள், பதினோரு நாள்." மூணு நாள் காய விட்டேன். அப்புறம் பக்கெட் தண்ணியில ஒரு மணி நேரம் முக்கி எடுத்து கொடியில மாட்டினேன்.

ராயல் புளூ எல்லாம் நம்ம நாட்டுதோ வெளிநாட்டுதோ ஒரே ஜாதிதான். வெளிறிப்போய், இருக்கிறது தெரியாத மாதிரி ஆயிடுச்சு. உலர்ந்திருந்தப்ப அழகுல வாட்டர்மேன் முதல், லேசா ஊதா கலந்த நீலம், கத்தரிப்பூ மாதிரி. தண்ணியில அழகு எங்கே நிக்குது? தினப்படி எழுத்துக்குன்னு கேட்டா பிரில் எனக்குப் போதும். கையைக் கடிக்காத விலை, மலிவுத் தாள்லயும் சரசரன்னு ஓடுது. பேரனுக்குக் கடிதம் எழுத, வாசல்ல பால்காரருக்குச் சீட்டு வைக்க, வேற என்ன வேணும்? வெளிநாட்டு ராயல் புளூவுக்குக் கூடக் காசு கொடுத்ததுல எனக்கு என்ன லாபம்னு இன்னும் புரியலை.

பெலிக்கன் புளூ பிளாக்தான் ஆச்சரியம். எழுதும்போது சாதாரண நீலம். மூணு நாள்ல கறுத்துப்போச்சு. தண்ணியில கொஞ்சம் நீலம் கழண்டு போனது, ஆனா கறுப்பு எழுத்து அசையலை. பார்த்ததும் அப்பா நோட்டு ஞாபகம் வந்துடுச்சு.

இதோட சூட்சுமம் நம்ம வீட்டு அடுப்படியில இருக்கு. இரும்புச் சட்டியில நெல்லிக்காயை வேகவச்சா கறுத்துப் போகும், பார்த்திருப்பீங்க. துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தா கறுப்பு. கடுக்காயையும் மாசிக்காயையும் அன்னபேதியோட சேர்த்து அந்தக் காலத்துல மை காய்ச்சினதும் இதே கணக்குதான். அன்னபேதின்னா இரும்பு உப்பு. புதுசா எழுதும்போது அதுக்கு நிறம் போதாது, அதனால நீலச் சாயம் கலந்து விடுறாங்க. காத்து பட்டுப் பட்டு இரும்பு கறுத்து, தாளோட நாருக்குள்ள பிடிச்சுக்கும். நீலம் போனாலும் கறுப்பு நிக்கும். புளூ பிளாக்குன்னு பேர் வந்த காரணமே அதுதான். ஆனா பேரை மட்டும் பார்த்து வாங்கிடாதீங்க. இப்ப வர்ற எல்லாப் புளூ பிளாக்குலயும் இரும்பு இருக்காது, பல புட்டியில வெறும் சாயம்தான். இரும்பு மைன்னா அதுக்குச் சில சேட்டையும் உண்டு. புளிப்பு உள்ளது, பேனாவுல போட்டு மாசக்கணக்குல மறந்துட்டா நிப்பை அரிக்கும், நாக்குல அடைச்சுக்கும். மாசம் ஒருதரம் தண்ணி விட்டுக் கழுவணும். மாட்டைக் கழுவுறவனுக்கு இது ஒரு வேலையா?

செய்போகு ஒரு சொட்டு கூடக் கலங்கலை. அது சாயம் இல்லை, கண்ணுக்குத் தெரியாத பொடித்துகள். தண்ணியில கரையாம தாளுக்குள்ள உட்கார்ந்துடுது.

அதைப் பார்த்ததும்தான் அக்கா வீட்டுக் கதவு ஞாபகம் வந்தது. கரியும் அதே ஜாதிதானே, கரையாது. பெசன்ட் நகர்ல உ.வே.சா. நூல்நிலையம் இருக்கு, 1943ல ஆரம்பிச்சது. மகளோட கடற்கரைக்குப் போனப்ப அந்த வழியாத்தான் போனோம். உள்ளே இருக்கிற ஏட்டுச்சுவடியெல்லாம் எழுத்தாணியால கீறி, விளக்குக்கரியைத் தடவித் தேய்ச்சதுதான். கீறலுக்குள்ள கரி நின்னதாலதான் எழுத்து கண்ணுக்குத் தெரியுது. நான் அடையாறுல அவ்வளவு காசு கொடுத்து வாங்கின வித்தையை, அக்கா அடுப்புல இருந்து எடுத்துக் கதவுல கோடு போட்டிருந்தாங்க.

ஊருக்கு வரும்போது கூலி நோட்டுக்குன்னு இரும்பு மைப் புட்டியை எடுத்துக்கிட்டேன். ஜப்பான் புட்டி பத்திரத்துல கையெழுத்து போட மட்டும், அவ்வளவு விலைக்கு அதுக்கு மேல முடியாது. ராயல் புளூ புட்டிகளை மக வீட்டுலயே விட்டுட்டேன். பேரன் இப்ப மூணாங்கிளாஸ், சட்டையெல்லாம் நீலமாத் திரியுறானாம். துவைச்சா போயிடும்னு மககிட்ட சொல்லியிருக்கேன்.

அக்கா இன்னும் வர்றாங்க. கதவு மாறிடுச்சு, அரசு கட்டிக் கொடுத்த வீட்டுல இப்போ இரும்புக் கதவு, அதுல கரி பிடிக்கலைன்னு சுவர்ல போடுறாங்க. போன வாரம் உளுந்துக்குக் களை எடுத்து முடிச்சதும் நான் நோட்டை விரிச்சு நாள் கணக்கைச் சத்தமாப் படிச்சேன். "ஏழு"ன்னேன். "ஏழுதான். ஆனா நடுவுல ஒருநாள் நாங்க அஞ்சு பேருதான் வந்தோம் தம்பி, ஒரு ஆளைக் குறைச்சு எழுது"ன்னாங்க. நீலமா அடிச்சுத் திருத்தினேன். வியாழக்கிழமைக்குள்ள கறுத்துடும்.