18 வளைவும் பழைய வாகனமும்



கிழக்குக் கரையிலிருந்து கண்டிக்குப் பயணம் போவோருக்குப் பழக்கமான பாதை இது. காத்தான்குடி, ஏறாவூர் கடந்து செங்கலடியில் மேற்கே திரும்பினால் கரடியனாறு, மஹாஓயா, பதியத்தலாவை வழியாக மஹியங்கனை வரை வயலும் காடும் குளமுமாகப் பாதை நீளும். மஹாஓயாவில் நிலத்தின் அடியிலிருந்து கொதிநீர் ஊற்றெடுக்கிறது. மகாவலியைத் தாண்டி ஹசலகவை விட்டதும் பாதை திடீரென மலையில் ஏறத் தொடங்கும். அதுதான் பேர்போன 18 வளைவு. ஒரு வளைவில் திரும்பி எட்டிப் பார்த்தால், சற்று முன் வந்த பாதை காலடியில் சுருண்டு கிடக்கும். அதற்கப்பால் மினிப்பே வயல்கள் பச்சைப் பாயாக விரிந்திருக்கும். "சுப்ஹானல்லாஹ்" என்று நாவு தானாகவே சொல்லும்.

ஆனால் இதே ஏற்றம் பழைய வாகனங்களுக்கு ஒரு பரீட்சை. முன்மூடி திறந்தபடி, ஆவி பறக்க, வளைவோரத்தில் நிற்கும் வேன்களையும் பக்கத்தில் பசியோடு குந்தியிருக்கும் பிள்ளைகளையும் நீங்கள் கண்டிருக்கக்கூடும். 2020ஆம் ஆண்டு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025இல்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. விலையோ எட்டாத உயரம். ஆகவே 2 இலட்சம் கிலோமீற்றர் ஓடிய காரையும் வேனையும் வைத்தே நம்மில் பலர் காலம் கடத்துகிறோம்.

"இதெல்லாம் ஆண்களின் வேலை" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். ஓட்டுபவரின் கண் பாதையில் இருக்கும். பக்கத்து ஆசனத்தில் இருக்கும் உங்களுக்கோ மணமும் ஈரமும் மீற்றர் முள்ளும் முதலில் தெரியும்.

விசயம் எளியது. எரியும் எஞ்சினின் சூட்டைத் தண்ணீர் சுமந்து சென்று ரேடியேட்டரில் காற்றுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பி வருகிறது. வோட்டர் பம்ப் அதைச் சுற்ற வைக்கிறது. தெர்மோஸ்டட் என்ற சிறு வால்வு, எஞ்சின் ஏறக்குறைய 80 பாகைக்கு மேல் சூடான பிறகே பாதையைத் திறக்கிறது. ரேடியேட்டர் மூடி அமுக்கத்தைப் பிடித்து வைப்பதால், 100 பாகையில் கொதிக்க வேண்டிய நீர் 120 பாகை அளவிலும் கொதிக்காமல் இருக்கிறது. மூடியின் றப்பர் தேய்ந்து போனால் அந்தப் பாதுகாப்புப் போய்விடும். இத்தனை சிறிய மூடி ஒரு பயணத்தையே கெடுத்துவிடும்!

பயணத்துக்கு முந்திய நாள் காலையில், எஞ்சின் நன்றாக ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். பக்கத்துப் போத்தலில் தண்ணீர் இருப்பது மட்டும் போதாது. "தினமும் கொஞ்சம் ஊத்தினால் ஓடும்" என்று யாராவது சொன்னால், அது வைத்தியமல்ல, நோயின் அடையாளம். ஊற்றிய தண்ணீர் எங்கே போகிறது என்பதே கேள்வி.

வெளியே ஒழுகினால் ஹோஸ் மூட்டுகளிலும் பம்பின் அடியிலும் வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் படிந்திருக்கும். வாகனத்தின் கீழ் ஈரம் கண்டால் பதற வேண்டாம். ஏ.சி. தண்ணீர் மணமற்றது, நிறமற்றது. கூலன்ட் என்றால் நிறமும் பிசுபிசுப்பும் இனிப்பு மணமும் இருக்கும். ஹீட்டர் உள்ள வாகனத்தில் கால் விரிப்பு பிசுபிசுத்து, கண்ணாடியில் எண்ணெய் போன்ற புகார் படிந்தால் கசிவு உள்ளேதான். கூலன்ட் நஞ்சு என்பதையும் மறந்துவிடாதீர்கள். பிள்ளைகளுக்கும் பூனைகளுக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள்.

வெளியே ஒழுகாமலே தண்ணீர் குறைந்தால் ஹெட் கஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும். குளிர்ந்த எஞ்சினை இயக்கி ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகுவது, ரேடியேட்டர் வாயில் குமிழிகள் நில்லாமல் வருவது, எஞ்சின் சூடான பின்னும் வெள்ளைப் புகை இனிப்பாக மணப்பது, ஒயில் பால் தேநீர் நிறமாவது ஆகியவை அதன் அடையாளங்கள். ஒன்றை மட்டும் கண்டு முடிவு கட்டாமல், கராஜில் அமுக்கப் பரிசோதனையும் எரிவாயுப் பரிசோதனையும் செய்யக் கேளுங்கள். பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதைவிட அது செலவு குறைந்தது.

எப்போது சூடேறுகிறது என்பதும் ஒரு சாட்சி. சந்தி நெரிசலில் ஏறி, திறந்த பாதையில் இறங்கினால் விசிறியில் குறை. நிற்கும்போது சரியாக இருந்து, ஏற்றத்தில் மட்டும் ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு அல்லது பம்பின் பலவீனம். மேல் ஹோஸ் கொதிக்க, கீழ் ஹோஸ் குளிர்ந்திருந்தால் தெர்மோஸ்டட் திறக்கவில்லை, அல்லது உள்ளே அடைப்பு. அந்த வால்வைக் கழற்றி வீசிவிட்டு "இப்ப சரி" என்பவர்களும் உண்டு. அது சரியல்ல. எஞ்சின் உரிய சூட்டை அடையாமல் பெற்றோலைக் குடிக்கும், தேய்மானமும் கூடும்.

கரையோர ஊர்களில் கிணற்று நீரை ஊற்றும் வழக்கம் உண்டு. கேத்தலின் அடியில் படியும் வெள்ளைக் கறை உங்களுக்குத் தெரியும். அதே கறை ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படிகிறது. நம் நாட்டில் தண்ணீர் உறையாது, ஆகவே கூலன்ட் தேவையில்லை என்பது தவறான வாதம். துருவைத் தடுப்பதும் அதன் வேலையே. காய்ச்சி வடித்த நீரோடு அளவாகக் கலந்து ஊற்ற வேண்டும்.

வளைவில் முள் மேலேறினால் ஏ.சி.யை நிறுத்தி, பாதுகாப்பான ஓரத்தில் வாகனத்தை நிறுத்தி, எஞ்சினையும் அணைக்க வேண்டும். சில்லுக்குக் கல் வைத்து, பிள்ளைகளை மலைப்பக்கமாக இறக்கிக்கொள்ளுங்கள். சிவப்பை நெருங்கிய முள் சட்டென்று விழுந்தால் மகிழாதீர்கள். தண்ணீர் முழுதும் வெளியேறி, முள்ளுக்குச் செய்தி சொல்லும் கருவி வெறும் ஆவியில் நிற்கிறது என்பதே அதன் பொருளாக இருக்கலாம்.

சூடான மூடியை யாரையும் திறக்க விடாதீர்கள். அமுக்கம் நீங்கியதும் கொதிநீர் முகத்தில் பாயும். அரை மணி நேரமாவது பொறுக்க வேண்டும். கைப்பிடியளவு துணியைப் போட்டு மெல்லத் திருகினாலும், ஹோஸ் மென்மையான பிறகே திருக வேண்டும். கொதிக்கும் எஞ்சினில் குளிர்நீரைக் கொட்டினால் உலோகம் வெடிக்கும். சுட்டுவிட்டால் பற்பசையோ ஒயிலோ பூசாமல், ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் பிடித்து, பிறகு வைத்தியசாலைக்குப் போங்கள்.

உடுதும்பறை, ஹுன்னஸ்கிரிய கடந்து தெல்தெனியவை நெருங்கினால் விக்டோரியா நீர்த்தேக்கம் கண்ணில் படும். பழைய தெல்தெனிய நகரம் அதன் அடியில் கிடக்கிறது. 1985இல் திறக்கப்பட்ட 122 மீற்றர் உயர அணை அத்தனை நீரையும் தாங்கி நிற்கிறது. பெரிய அணையானாலும் சிறிய றப்பர் மூடியானாலும், கண்காணிப்பு இருந்தால்தான் நீர் தன் இடத்தில் நிற்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கஸ்கட் போன வாகனத்தில் கசிவை அடைக்கும் தூளைப் போட்டு, புதுக் கூலன்ட் ஊற்றி, "ஒரு குறையுமில்லை" என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். குறையை மறைத்து விற்பது ஹராம். மறைந்திருந்த ஐபு வெளிப்பட்டால் பொருளைத் திருப்பிக் கொடுக்க வாங்கியவருக்கு உரிமை உண்டு என்று பிக்ஹு நூல்கள் தெளிவாகக் கூறுகின்றன. நம் வாகனத்தை நாளை வாங்கப் போகிறவரும் அதில் தன் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இதே மலையில்தான் ஏறுவார். வீட்டில் விற்பனைப் பேச்சு வந்தால், இதை நினைவூட்டும் பொறுப்பு உங்களுக்கும் உண்டு.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பதுதான் நாம் மத்ரஸாவிலிருந்தே கற்ற பாடம். பயண துஆவை ஓத முன்னர் ரேடியேட்டரையும் பாருங்கள். பார்த்த பின் துஆவை மறந்துவிடவும் வேண்டாம். உங்கள் பயணங்களை அல்லாஹ் இலேசாக்கி வைப்பானாக! ஆமீன்.