நாராவில் சொன்ன பொய்

வழிகாட்டிகள் என்றாலே எனக்கு ஒரு பயம் உண்டு. நான் மதுரையில் பிறந்தவன். மீனாக்ஷி அம்மன் கோயில் வாசலில் வெளியூர்க்காரர்களை மடக்கி, ஆயிரங்கால் மண்டபத்தையும் இசைத் தூண்களையும் ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு, முடிவில் ஏதாவது ஒரு கடைக்குள் தள்ளிக்கொண்டு போகிறவர்களைச் சிறு வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். ஆகையால் 2023 அக்டோபரில் ஜப்பானுக்குப் புறப்பட்டபோது, எந்த ஊரிலும் வழிகாட்டி வைத்துக்கொள்வதில்லை என்று தீர்மானம் செய்துகொண்டுதான் விமானம் ஏறினேன். கியோத்தோவில் மூன்று நாள் அந்தத் தீர்மானத்தின்படி நடந்தேன். கால் வீங்கியதுதான் மிச்சம். நான்காவது நாள் பார்த்தால் எல்லாக் கோயில்களும் ஒரே கோயிலாகத் தோன்ற ஆரம்பித்துவிட்டன. நாராவுக்காவது ஓர் ஆளை ஏற்பாடு செய்து தருகிறேன் என்று விடுதிக்காரர் சொன்னதும், வாயை மூடிக்கொண்டு சம்மதித்தேன்.

நாரா ரயில் நிலைய வாசலில் ஒரு நீரூற்று இருக்கிறது. அதன் நடுவே கியோகி என்ற பழைய காலத்துத் துறவியின் சிலை. அதன் அடியில், கையில் குடையும் சட்டைப் பையில் ஒரு நோட்டுப் புத்தகமுமாக ஒரு பெரியவர் நின்றுகொண்டிருந்தார். வயது எழுபத்தாறு. பள்ளிக்கூடத்தில் சரித்திரம் கற்பித்து ஓய்வு பெற்றவர். அந்த நாட்டில் அந்நியருக்கு ஊரைக் காட்டிக் கூலி வாங்குவதென்றால் சர்க்கார் பரீக்ஷை தேறியிருக்க வேண்டும் என்று 1949-இல் சட்டம் செய்தார்கள். 2018-இல்தான் அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினார்கள். பெரியவர் தளர்த்துவதற்கு முன்பே எழுதித் தேறியவர். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு என்பது, அத்தாட்சிச் சீட்டை எனக்கு நீட்டிக் காட்டிய விதத்திலேயே தெரிந்தது. அன்றைய நிகழ்ச்சிகளை மணிவாரியாக அச்சடித்து ஒரு தாளும் கொடுத்தார்.

முதலில் கோஃபுகுஜி கோயிலுக்கு அழைத்துப் போனார். அங்கே 734-இல் செய்த அசுரர் சிலை ஒன்று இருக்கிறது. மூன்று முகம், ஆறு கை, ஓர் ஆளுக்குக் குறைவான உயரம். அசுரன் என்றதும் நான் கோரைப் பல்லையும் உருட்டு விழியையும் எதிர்பார்த்தேன். அங்கே நின்றது ஒரு பையன். மெலிந்த கைகள், கவலைப்பட்ட புருவம்.

பெரியவர் சரித்திரம் ஒன்றும் சொல்லவில்லை. "கொஞ்சம் இந்தப் பக்கம் வந்து நின்று பாருங்கள்" என்றார். நின்று பார்த்தேன். அந்தப் பக்கத்து முகம் கீழுதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தது. தப்புச் செய்துவிட்டு அழுகையை அடக்கிக்கொள்ளும் குழந்தையின் முகம். நான் தனியாக வந்திருந்தால் முன்பக்கம் பார்த்துவிட்டுப் போயிருப்பேன். வழிகாட்டிகளைப் பற்றிய என் அபிப்பிராயம் அந்த இடத்தில்தான் ஆட்டம் காண ஆரம்பித்தது.

வெளியே வந்தால் மான்கள். நாராவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மான்கள் தெருவிலும் பூங்காவிலும் சுதந்திரமாகத் திரிகின்றன. கசுகா கோயில் தெய்வம் வெள்ளை மான் மீதேறி வந்ததாக ஐதீகம். அதனால் அவற்றுக்கு அந்த ஊரில் பெரிய மனிதர்களின் சலுகை. அக்டோபர் மாதம் ஆண் மான்களுக்குக் கொம்பு அறுத்துவிடுகிறார்கள்; ஆனாலும் மிடுக்குக் குறைவதில்லை. அப்படியொரு மொட்டைக் கொம்பன் எனக்குத் தலை வணங்கியது. பதிலுக்கு நானும் வணங்கினேன். நிமிர்ந்து பார்த்தபோது என் கையிலிருந்த நிகழ்ச்சித் தாளில் பாதி அதன் வாயில் இருந்தது.

பெரியவர் பதறிப் போனார். தாள் போனதே என்று அல்ல. அச்சு மை மானின் வயிற்றுக்கு ஆகாதே என்று. குடையைப் போட்டுவிட்டுச் சிறிது தூரம் ஓடிக்கூடப் பார்த்தார். திரும்பி வந்து, "பதினொரு மணிக்கு மேல் என்ன செய்வது என்று மானுக்குத்தான் தெரியும்" என்றார். அன்று அவர் சொன்ன ஒரே வேடிக்கை அதுதான்.

அங்கிருந்து தோதைஜி கோயிலுக்குப் போனோம். அங்கே உட்கார்ந்திருக்கும் வெண்கல புத்தருக்கு உயரம் சுமார் 15 மீட்டர். அவரை மூடியிருக்கும் மரக்கூடம் 1709-இல் கட்டி முடித்தது. அகலம் 57 மீட்டர். ஆதியில் இருந்த கூடம் 86 மீட்டர் அகலம் இருந்ததாம். நான் வாய் பிளந்து நின்றேன். பெரியவர் என் பக்கம் திரும்பி, "இவருக்குக் கண் திறந்து வைத்தவர் உங்கள் நாட்டுக்காரர். தெரியுமல்லவா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியாது. அவரே சொன்னார். போதிசேனர் என்ற துறவி, 704-இல் பிறந்தவர். சீனாவுக்குப் போய், அங்கிருந்து 736-இல் கப்பலேறி ஜப்பானுக்கு வந்தார். கரையில் அவரை வரவேற்றவர், நாங்கள் காலையில் சந்தித்த இடத்தில் சிலையாக நிற்கும் அதே கியோகி. பராமோன் என்று அவரை அழைத்தார்கள். நம்முடைய 'பிராமணன்' அவர்கள் நாவில் அப்படி ஆயிற்று. 752-இல் புத்தருக்குக் கண் திறக்கும் வேளை வந்தபோது, அரசராயிருந்து விலகிய ஷோமு உடல்நலமில்லாமல் இருந்தார். கண் எழுதும் பொறுப்பு போதிசேனரிடம் வந்தது. தூரிகையில் சுமார் 200 மீட்டர் நீளத்துக்கு நீல நூல் கட்டி, அதைக் கூடியிருந்தவர்களெல்லாம் பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் கண் திறந்தார். ஊரே அந்தக் கையைப் பிடித்திருந்தது. நம் ஸ்தபதிகள் பொன் ஊசியால் விக்கிரகத்தின் கண்ணைத் திறக்கும் நேரம் என் நினைவுக்கு வந்தது.

"அவர் தென்னிந்தியர். அவருடைய சீடர் 770-இல் எழுதிய சாசனத்தின் தலைப்பிலேயே அது இருக்கிறது. மதுரைக்காரர் என்றுகூடச் சிலர் இந்தக் காலத்தில் எழுதுகிறார்கள். நீங்கள் எந்த ஊர்?"

"மதுரை" என்றேன்.

பெரியவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் என்ன சொல்லட்டும்! இரண்டு கைகளையும் சேர்த்து இடுப்பு வரை குனிந்தார். "அப்படியானால் உங்கள் ஊரில் அவரை எல்லாருக்கும் தெரிந்திருக்கும்" என்றார்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரே வார்த்தை. ஆனால் அந்த வெளிச்சத்தை அணைக்க மனம் வரவில்லை என்று அப்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல, அந்த வெளிச்சம் என் மேல் விழுந்தது எனக்குப் பிடித்திருந்தது. "ஓ, எல்லாருக்கும் தெரியும்" என்றேன்.

"பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருக்கிறாரா?"

"இருக்கிறார்."

"அவர் பெயரில் தெரு?"

கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு ஒரு தெரு போடுவது பிரமாதமா? போட்டேன். வைகைக் கரைப் பக்கமாக, சின்னத் தெரு. பெரியவர் நோட்டுப் புத்தகத்தை எடுத்து எல்லாவற்றையும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டு எழுதிக்கொண்டார்.

பிறகு கூடத்தின் வடக்கே, ஷோசோயின் என்ற பழைய கருவூலத்தின் முன்னால் நின்றோம். தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய மரக் கட்டடம். "போதிசேனர் திறந்த கண் இப்போது இல்லை. 855 பூகம்பத்தில் தலை விழுந்தது. 1180-இலும் 1567-இலும் சண்டையில் கோயில் எரிந்தது. நீங்கள் பார்த்த தலை 1690 வாக்கில் வார்த்தது. ஆனால் தூரிகையும் நீல நூலும் ஷோசோயின் பொக்கிஷத்தில் பத்திரமாக இருக்கின்றன. 1185-இல் மறுபடி கண் திறந்தபோது அதே தூரிகையைத்தான் எடுத்தார்கள்" என்றார். வெண்கலம் உருகிப் போயிற்று, நூல் நின்றுவிட்டது.

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மதுரையிலிருந்து வந்தவரை ஓர் இடத்துக்கு அழைத்துப் போகாமல் அனுப்ப முடியாது. தாளைத்தான் மான் தின்றுவிட்டதே" என்றார். எனக்கு அடி வயிற்றில் ஏதோ செய்தது. ஆனாலும் போனேன்.

ரயிலில் தொமியோ என்ற நிலையம், அங்கிருந்து பஸ். ரியோசென்ஜி என்ற கோயில். யாத்திரீகர் கூட்டம் அவ்வளவு தூரம் வருவதில்லை. ஒரு ரோஜாத் தோட்டம், 1283-இல் கட்டிய பிரதான மண்டபம், சுற்றிலும் மலை. புத்தர் உபதேசம் செய்த ராஜகிருகத்துக் கழுகு மலையைப் போல இந்த மலை இருக்கிறது என்று சொல்லிப் போதிசேனரே இந்தப் பெயரை வைத்தார் என்பது கோயில் ஐதீகம். பிறந்த நாட்டை விட்டு வந்தவனுக்கு எந்த மேட்டைப் பார்த்தாலும் ஊர் மலையாகத் தோன்றும். அவர் திரும்பிப் போகவே இல்லை. 24 வருஷம் ஜப்பானிலேயே இருந்து, 760-இல் காலமானார். அவருடைய சமாதி என்று வணங்கும் கல் ஸ்தூபி மரங்களின் நடுவே இருக்கிறது.

பெரியவர் குடையைக் கீழே வைத்துவிட்டு, குனிந்து வணங்கி, நோட்டுப் புத்தகத்தைப் பிரித்து, ஜப்பானிய மொழியில் நிதானமாகப் படிக்க ஆரம்பித்தார். நடுவில் 'மதுரை' என்ற ஒரு சொல் மட்டும் எனக்கு விளங்கியது.

"என்ன சொன்னீர்கள்?" என்று கேட்டேன்.

"செய்தி சொன்னேன். உங்கள் ஊரில் எல்லாருக்கும் உங்களைத் தெரிகிறது. குழந்தைகள் உங்களைப் பற்றிப் படிக்கிறார்கள். ஆற்றங்கரையில் உங்கள் பெயரில் தெரு இருக்கிறது என்று."

பத்திரிகைகளில் எத்தனையோ பொய் எழுதியிருக்கிறேன். கதை என்று மேலே பெயர் போட்டுவிட்டால் பொய்க்கு மன்னிப்பு உண்டு. அந்தக் கல்லுக்கு முன்னால் அப்படி ஒரு பெயர் போட இடமில்லை. காது சுட்டது. "ஐயா, நான் சொன்னது எதுவும் நிஜமில்லை. இன்று காலை வரைக்கும் இவர் பெயரே எனக்குத் தெரியாது. தெருவும் இல்லை, பாடமும் இல்லை" என்று சொல்லிவிட்டேன்.

பெரியவர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் தேவலை. வெகு நேரம் பேசாமல் இருந்தார். பிறகு நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தையே அளவுகோலாக வைத்து, எழுதியிருந்த மூன்று வரிகளையும் நேர்க்கோடாக அடித்தார். மறுபடியும் ஸ்தூபியின் பக்கம் திரும்பி, குனிந்து, இரண்டு மூன்று வாக்கியம் சொன்னார். தவறான செய்தி சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டார் என்று அப்புறம் தெரிந்தது. என் பொய்க்கு அவர் மன்னிப்புக் கேட்டார்.

ஒரு கல்லில் உட்கார்ந்து அவர் சொன்னார்: "என் அண்ணன் 1958-இல் பிரேஸிலுக்குப் பிழைக்கப் போனான். திரும்பி வரவில்லை. அங்கேயேதான் அடக்கம். நான் போய்ப் பார்த்ததில்லை. நம் ஊர்க்காரர் யாராவது அந்தப் பக்கம் போனால், அவன் மொழியில் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்களா என்று நினைத்துக்கொள்வேன்." சற்றுப் பொறுத்து, "நீங்கள் ஏதாவது சொல்லுங்கள். நிஜமாக இருக்கட்டும்" என்றார்.

எழுந்து நின்றேன். போதிசேனருக்குத் தமிழ் தெரிந்திருக்குமா, அவர் உண்மையில் எந்த ஊர், எதற்கும் அத்தாட்சி இல்லை. பேச்சை நம்பிப் பிழைக்கிறவன். ஆனால் ஒரு வாக்கியம் வரமாட்டேன் என்றது. கடைசியில் வாயில் வந்தது, வெளியூரில் நம் மனிதரைக் கண்டால் வழக்கமாக வருகிறதுதான். "ஊரில் எல்லாரும் சௌக்கியம்" என்றேன்.

அர்த்தம் கேட்டார், சொன்னேன். "அது நிஜமா?" என்று கேட்டார். "பாதி நிஜம். ஆனால் எங்கள் ஊரில் இதை யாரும் பொய் என்று எடுத்துக்கொள்வதில்லை" என்றேன். தலையாட்டிவிட்டு, அந்த வாக்கியத்தை ஜப்பானிய எழுத்தில் உச்சரிப்புப் பிசகாமல் எழுதிக்கொண்டார். அடித்த மூன்று வரிகளுக்குக் கீழே.

நிலையத்தில் விடை பெறும்போது, பேசிய கூலிக்கு மேல் கொஞ்சம் கொடுக்கப் பார்த்தேன். எண்ணிப் பார்த்து, அதிகப்படியை இரண்டு கைகளாலும் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்தக் கடன் இன்னும் தீரவில்லை. தெரு போட எனக்கு அதிகாரமில்லை; பாடப் புத்தகம் எழுதுகிறவர்கள் என்னைக் கேட்பதில்லை. என்னால் முடிந்தது இந்த நாலு பக்கம். இதைப் படித்தவர்கள் எத்தனை பேரோ, அத்தனை பேர் அளவுக்கு அந்தப் பொய் குறைந்திருக்கிறது என்று பெரியவருக்கு ஒரு கடிதம் எழுதலாம் என்று இருக்கிறேன். அவர் அதை நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு, பஸ் ஏறிப் போய், சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லிவிடுவார்.