கூர்க்கா வீரரின் மகள்

டேவிட் வெதரால் 1933இல் லிவர்பூலில் பிறந்தவர். 1956இல் அந்நகரப் பல்கலைக்கழகத்திலேயே மருத்துவப் பட்டம் பெற்றார். கட்டாய ராணுவச் சேவைக்காகச் சிங்கப்பூர் போனவரிடம் ராணுவ மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவு ஒப்படைக்கப்பட்டது. அங்கே கூர்க்கா வீரர் ஒருவரின் பெண்குழந்தை கடும் ரத்தசோகையோடு கிடந்தாள். ரத்தம் ஏற்றினால் தேறுவாள். பிறகு மறுபடி வெளுத்துப்போவாள். காரணம் யாருக்கும் பிடிபடவில்லை.

வெதரால் அவளது ரத்தத்தைச் சோதிக்க வடிதாளையும் கார் பேட்டரியையும் கொண்டு ஒரு கருவி அமைத்தார். ஈரத் தாளில் மின்சாரம் பாயும்போது ஹீமோகுளோபின் வகைகள் வெவ்வேறு வேகத்தில் நகர்ந்து தனித்தனிப் பட்டைகளாகப் பிரியும். விடை கிடைத்தது: தலசீமியா. கடலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. மத்தியதரைக் கடலோர மக்களின் நோய் என்றே அதைப் பெரும்பாலும் கருதிவந்தார்கள். கடலே இல்லாத நேபாளத்துக் குடும்பத்தில் அது இருந்தது. 1960இல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். அனுமதி பெறாமல் எழுதியதற்காக ராணுவம் அவரைக் கண்டித்தது.

அந்தக் குழந்தை எழுப்பிய கேள்வியை அவர் அதன்பின் விடவேயில்லை. பெரியவர்களின் ஹீமோகுளோபினில் ஆல்ஃபா சங்கிலி இரண்டு, பீட்டா சங்கிலி இரண்டு. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஜான் கிளெக் முதலியோருடன் சேர்ந்து இவற்றைப் பிரித்து அளக்கும் முறையை 1965இல் உருவாக்கினார். முதிராத சிவப்பணுக்களுக்குக் கதிரியக்க அமினோ அமிலத்தைக் கொடுத்து, எந்தச் சங்கிலி எவ்வளவு உற்பத்தியாகிறது என்று பார்த்தார்கள். தலசீமியாவில் ஒரு சங்கிலி குறைகிறது. ஜோடி கிடைக்காத மற்றது அணுவுக்குள் படிந்து அதையே அழிக்கிறது.

1974இல் அவர் ஆக்ஸ்போர்டுக்கு மாறினார். உடல் முழுதும் நீர்கோத்து இறந்தே பிறக்கும் சிசுக்களிடம் ஆல்ஃபா சங்கிலிக்கான மரபணுவே இல்லை என்று அவ்வாண்டில் அவரது குழு காட்டியது. மனித நோயொன்றுக்கு மரபணு இழப்பே காரணம் என்பது அறியப்பட்ட முதல் தருணங்களில் அது ஒன்று. பப்புவா நியூகினிப் பகுதியில் நடந்த ஆய்வு, மலேரியா மிகுந்த தாழ்நிலத்தில் ஆல்ஃபா தலசீமியா அதிகம், மலையேற ஏறக் குறைவு என்று 1986இல் தெரிவித்தது. இந்த மரபணுக் குறையை லேசாகச் சுமப்பவர்களுக்கு மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்பு கிடைப்பதே அது இவ்வளவு பரவியதற்குக் காரணம்.

மூலக்கூறு வரை போன ஆய்வு, பிறகு நோயாளியின் படுக்கைக்கே திரும்பியது. ஒரே மரபணு மாற்றத்தைச் சுமக்கும் இருவரில் ஒருவர் ரத்தம் ஏற்றாமலே வளர்கிறார், மற்றவரால் முடிவதில்லை. ஏன் என்று அறிய இலங்கையின் குருநாகல் தலசீமியா மையத்து நோயாளிகளை அவரும் சக ஆய்வாளர்களும் ஆண்டுக்கணக்கில் கவனித்தார்கள். ஏற்றிய ரத்தத்தின் இரும்பு இதயத்திலும் ஈரலிலும் சேரும். அதை வெளியேற்றும் மருந்து ஏழை நாடுகளுக்கும் எட்ட வேண்டும் என்பது அவருடைய அக்கறை.

2010இல் லாஸ்கர் விருது பெற்ற வெதரால் 2018இல் மறைந்தார். 1989இல் அவர் ஆக்ஸ்போர்டில் நிறுவிய ஆய்வு நிலையம் இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. தாய், தந்தை இருவரும் தலசீமியா மரபணுவைச் சுமந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு 25 சதவீதம். கார் பேட்டரியை வைத்து அன்று செய்ய வேண்டியிருந்த அதே வகைச் சோதனை இன்று ஆய்வகங்களில் அன்றாட வேலை. குழந்தை உண்டாகுமுன்பே அதைச் செய்துகொள்ளலாம்.