ஜன்னலுக்கு முதுகு காட்டி

மேசையை நேற்று சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டேன். பதினோரு வருஷம் ஜன்னலைப் பார்த்தே கிடந்தது. கால்கள் இருந்த இடத்தில் மொசைக் தரை நாலு வட்டமாக வெளுத்திருக்கிறது. துடைத்தும் போகவில்லை.

வெளியே பெரிய காட்சி ஒன்றுமில்லை. எதிர்வீட்டு முருங்கை, இஸ்திரி வண்டி, பள்ளிக்கூட வேன். என் காலைகளைத் தின்ன அது போதும்.

ஆர்.கே. நாராயண் மைசூர் யாதவகிரியில் வீடு கட்டியபோது, எழுதுவதற்கென்றே எட்டு ஜன்னல் வைத்து ஓர் அறை அமைத்துக்கொண்டார். சாமுண்டி மலை தெரியும். பார்த்துக்கொண்டே இருந்ததில் எழுத்து ஓடவில்லை. மேசைக்குப் பக்கத்து ஜன்னலைத் திரை போட்டு மறைத்தபின்தான் வேலை நடந்தது. 2016 முதல் அந்த வீடு அருங்காட்சியகம். ஆசைப்பட்டு வைத்த ஜன்னலை மூட எப்படி மனசு வந்ததோ! நேற்று மேசையை இழுக்கும்போது அவரைத்தான் நினைத்துக்கொண்டேன்.

சிறுவர் கதைகள் எழுதிய ரோல்ட் டால், இங்கிலாந்தின் கிரேட் மிஸ்ஸெண்டன் வீட்டுத் தோட்டத்தில் சின்னக் குடில் போட்டு எழுதினார். அங்கேயும் திரை எப்போதும் மூடித்தான் இருக்கும். மேசை கிடையாது. பழைய நாற்காலியின் கைகளுக்குக் குறுக்கே பச்சைத் துணி ஒட்டிய பலகை, மஞ்சள் தாள், சீவிய பென்சில் ஆறு.

எனக்குப் பலகை, பரீட்சை அட்டை. பத்தாம் வகுப்புக்கு அப்பா வாங்கித் தந்தது. கிளிப் துருப்பிடித்து, பிடிக்கும் தாளில் பழுப்புக் கோடு விழுகிறது. பின்புறம் காம்பஸ் முனையால் கீறிய பதிவு எண். முதல் படி எப்போதும் இதில்தான். லேப்டாப் திருத்தி எழுத மட்டும்.

ஜேன் ஆஸ்டினுக்குத் தனி அறையே இல்லை. சாட்டன் வீட்டில் சாப்பாட்டு அறை ஓரம், பன்னிரண்டு பக்கம் கொண்ட குட்டி மேசை. ‘எம்மா’ நாவல் உருவானது அந்த வீட்டில். கதவு கிறீச்சிடும், அதைச் சரிசெய்ய வேண்டாம் என்று சொல்லியிருந்தாராம். ஆள் வருவது முன்கூட்டியே தெரியும், தாளை மறைத்துவிடலாம். அண்ணன் மகன் எழுதி வைத்திருக்கிறார். படிக்கும்போதெல்லாம் நெஞ்சு கனக்கிறது. அடுப்படி மேடையில் எழுதி, காலடி கேட்டதும் நோட்டை அரிசி டப்பாவுக்குப் பின்னால் தள்ளும் பெண்களை எனக்குத் தெரியும். நானும் பத்து வருஷம் அப்படி எழுதியவள்.

இப்போது மறைப்பதில்லை. கதவைத் தாழ் போடுவதுமில்லை. குக்கர் விசில் எண்ண வேண்டுமே.

சுவரில் ஒன்றும் மாட்டவில்லை. காலண்டர்கூட வேண்டாம்.

இன்று காலை இரண்டு பக்கம். கீரைக்காரம்மா குரல் கேட்டு எழுந்து போய் அரைக்கீரை ஒரு கட்டு வாங்கினேன். திரும்பி வந்து மூன்றாவது பக்கம் தொடங்கியாயிற்று.