ஆறுமணி விருந்தாளி

கண்டி மாநகருக்கு வருவோர் தலதா மாளிகையையும், அதனருகே விரிந்து கிடக்கும் வாவியையும், பேராதனைப் பூங்காவையும் கண்டு மகிழ்ந்து திரும்புவர். மாளிகைக்குப் பின்னே எழுந்து நிற்கும் உடவத்தகெலே வனத்தினுள் புகுவோர் சிலரே. 1856ஆம் ஆண்டில் ஒதுக்கு வனமாகவும் 1938இல் சரணாலயமாகவும் பிரகடனஞ் செய்யப்பெற்ற அவ்வனத்தின் பரப்பு நூறு ஹெக்டேயரைச் சிறிதே விஞ்சும். எனினும் அதன் மரநிழல், சரிவிலே அமைந்த எம் போன்றோரின் வீட்டு வளவுகள் வரை நீண்டு கிடக்கின்றது. அந்நிழல் வழியேதான் சென்ற ஐப்பசியில் எமக்கொரு விருந்தாளி வந்தது.

தீபாவளிக்கு இரு தினங்கள் முந்திய விடியற்காலை. பின்பக்கத்து யன்னற் கண்ணாடியில் 'தொப்'பென ஓர் ஓசை. ஓடிச் சென்று நோக்கினோம். மைனாவினும் சற்றே சிறிய பறவையொன்று தரையில் மயங்கிக் கிடந்தது.

"அப்பா, இது மீன்கொத்தியோ?" என்றாள் மகள்.

தோளிலே பளபளத்த நீலத்தைக் கண்டு அவ்வாறு ஐயுற்றாள். ஆனால் மீன்கொத்தியின் நீண்ட அலகு இதற்கில்லை. முதுகு பச்சை, தொண்டை வெண்மை, மார்பு சந்தன நிறம், வயிற்றின் அடியிற் குங்குமச் சிவப்பு. கண்ணின் ஊடே மைதீட்டினாற்போன்ற கறுப்புக் கோடு. வாலோ வெட்டிவிட்டாற்போல் மிகக் குறுகியது.

காற்றுப்புகத் துளையிட்ட அட்டைப் பெட்டியில் அதனை இட்டு, இருளான மூலையில் வைத்தோம். பின்னர் ஜி. எம். ஹென்றி 1955இல் வெளியிட்ட இலங்கைப் பறவைகள் பற்றிய நூலைப் புரட்டினோம். ஐயம் நீங்கிற்று. எம்மவர் 'ஆறுமணிக்குருவி' என அழைக்கும் பறவையே அது. காலையும் மாலையும் ஆறு மணியளவில் இரட்டைச் சீழ்க்கையாகக் கூவுவதனால் வந்த பெயர். விஞ்ஞானிகள் வழங்கும் 'பிட்டா' என்ற பெயர், சிறு பறவையைக் குறிக்கும் தெலுங்குச் சொல்லிலிருந்து பிறந்தது.

அயல்வீட்டு ஆச்சி எட்டிப் பார்த்து, "மாத்தயா, இது அவிச்சியா!" என்றார். இதன் அழகிய ஆடையை மயில் கவர்ந்து சென்றதாம். அதனை எண்ணியே இன்றும் இது புலம்புகின்றதாம். இது சிங்களக் கிராமங்களில் வழங்கும் கதை.

இந்தியாவிலே மழைக்காலத்திற் கூடுகட்டிக் குஞ்சு பொரித்தபின், குளிர்காலத்தைக் கழிக்கத் தெற்கே வருவது இதன் வழக்கம். இரவிலே பறந்து களைத்து வருவதால் வீடுகளுள் நுழைந்துவிடுவதும் உண்டு. இலங்கையில் இது அரிய பறவையன்று. ஆயினும் புதரடியில் ஒதுங்கித் திரிவதனாற் காண்பது அரிது.

ஒரு மணி நேரத்தின்பின் பெட்டியினுள் சலசலப்புக் கேட்டது. சம்பு மரத்தடியிலே திறந்துவிட்டோம். சிறிது நின்றது, பின்னர் தத்தித் தத்திப் புதரினுள் மறைந்தது.

அப்புதரை வெட்டிச் சீமெந்திட வேலையாட்களுக்கு நாம் ஏற்கெனவே சொல்லிவைத்திருந்தோம்! சருகைப் புரட்டிப் புழுபூச்சி தின்னும் பறவைக்குச் சீமெந்துத் தரையிலே என்ன கிடைக்கும்? "சருகிலே பாம்பு சேருமே" என்று இல்லாள் அஞ்சியதும் நியாயமே. ஈற்றில், வாசலை நாள்தோறும் பெருக்குவது, பின்வளவைத் தொடாது விடுவது என்று இணங்கினோம். சீமெந்து வேலை நின்றது. யன்னலுக்கு வெளியே வலையொன்று கட்டினோம்.

மகள் ஓர் அப்பியாசக் கொப்பியில் திகதி, நேரம், மழை, வெயில் யாவற்றையும் குறித்தாள். ஒரு வீட்டுக் குறிப்பு அற்பமாகத் தோன்றலாம். ஆனால் பல வீடுகளின் குறிப்புகள் ஆண்டாண்டாகச் சேர்ந்தாலன்றி, வலசைப் பறவைகள் முந்தி வருகின்றனவா, குறைந்து வருகின்றனவா என்பதை எவ்வாறு அறிவது? மாணவர்கள் இதனைச் செலவின்றிச் செய்யலாம்.

குளிர்காலம் முழுவதும் அந்தியிற் சீழ்க்கை கேட்டது. சித்திரைப் புத்தாண்டு கழிந்த சில நாளில் நின்றது. மகள் கொப்பியில் அத்திகதியையும் எழுதி, அடுத்த பக்கத்தின் தலைப்பில் 'ஐப்பசி' என்று எழுதி வைத்திருக்கிறாள்.