கிறிஸ்டியன்ல என்ன?

திருவண்ணாமலைன்னு சொன்னதும் உங்க மனசுல என்ன வரும்? தீபம், கிரிவலம், பௌர்ணமி ஸ்பெஷல் பஸ். ஆனா அதே ஊர்ல ‘டேனிஷ் மிஷன் ஸ்கூல்’னு ஒரு பேரும் இருக்கு. அண்ணாமலையார் ஊர்ல டென்மார்க்குக்கு என்ன வேலைன்னு என்னிக்காவது யோசிச்சிருக்கீங்களா?

என்னை யோசிக்க வெச்சது காலேஜ்தான். நான் அந்த டேனிஷ்காரங்க வளர்த்த லுத்தரன் சபையைச் சேர்ந்தவன். பேரைச் சொன்னதும் “ஓ... கிறிஸ்டியனா?”ன்னு கேட்பாங்க. நாலு நாள், ரெண்டு டீ கழிச்சு அடுத்த கேள்வி மெதுவா வரும். “கிறிஸ்டியன்ல என்ன?” ஆர்.சி.யா, சி.எஸ்.ஐ.யான்னு தெரிஞ்சுக்கக் கேட்கலைன்னு உங்களுக்கே தெரியும். இதுல தமாஷ் என்னன்னா, எங்க சபை பிறந்ததே இந்தக் கேள்வியால வந்த ஒரு சண்டையிலதான்!

கொஞ்சம் பின்னாடி போகணும். 1706-ல் சீகன்பால்கும் புளுட்சோவும் தரங்கம்பாடியில் வந்து இறங்கினாங்க. அப்போ அது டென்மார்க்கின் கோட்டை. மறுவருஷம் மே மாசம் முதல் ஞானஸ்நானம். அதைப் பெற்ற அஞ்சு பேரும் டேனிஷ்காரர்களிடம் அடிமைகளா இருந்தவங்க. ஆகஸ்ட்ல கோயிலையே கட்டி முடிச்சுட்டாங்க. தமிழ்ல அச்சடிச்ச புதிய ஏற்பாடு, பள்ளிக்கூடம் எல்லாம் அடுத்தடுத்து வந்தது. ஆனா கோயிலுக்குள்ளே? உயர்ந்த சாதின்னு சொல்லிக்கிட்டவங்க ஒரு பக்கம், மத்தவங்க இன்னொரு பக்கம். சாமி மாறிடுச்சு, உட்காருற இடம் மாறலை.

1733-ல் ஆரோன் என்கிற வேளாளர் குருப்பட்டம் பெற்றார். இந்தியாவிலேயே முதல் புராட்டஸ்டன்ட் குரு அவர்தான்னு ஜி.கே. புத்தகத்துல கூட வரும். அதே காலத்து ராஜநாயக்கன் யாருக்குத் தெரியும்? தஞ்சாவூர் ராஜாவின் படையில் இருந்தவர். தமிழ் புதிய ஏற்பாட்டைப் படிச்சே லுத்தரன் சபைக்கு வந்தவர். வருஷக்கணக்கா உபதேசியா உழைச்சவர். அவருக்குக் குருப்பட்டம் கொடுக்கலாமான்னு மிஷனரிகள் யோசிச்சாங்க; கொடுக்கலை. அவர் பறையர். அவர் கையால நற்கருணை வாங்க மற்ற சாதிக் கிறிஸ்தவர்கள் சம்மதிக்க மாட்டாங்களாம். 1771-ல் சாகும்வரை அவர் உபதேசிதான். இதை முதல்ல படிச்சப்போ எனக்குப் புத்தகத்தை மூடி வைக்கணும்போல இருந்தது.

டேனிஷ்காரங்க 1845-ல் தரங்கம்பாடியை இங்கிலீஷ்காரனுக்கு வித்துட்டுப் போனாங்க. அங்கிருந்த சபைகள் ஜெர்மனியின் லைப்சிக் மிஷன் கைக்கு வந்தது. சாதி விஷயமும் கூடவே வந்தது. 1850-ல் சென்னையில் கூடிய மற்ற புராட்டஸ்டன்ட் மிஷனரிகள், சாதியை விட்டால்தான் சபையில் இடம்னு முடிவெடுத்தாங்க. அதுக்கு ஒரு டெஸ்ட்டும் உண்டு. யார் சமைச்சதா இருந்தாலும், யாரோட பக்கத்துல உட்கார்ந்தும் சாப்பிடுவீங்களா? இவ்வளவுதான். நம்ம ஹாஸ்டல் மெஸ்ஸுல தினமும் நடக்கிற விஷயம், அன்னிக்கு பெரிய பரீட்சை!

லைப்சிக் மட்டும் இதுல சேரலை. அதன் தலைவர் கார்ல் கிரவுல் சாதாரண ஆள் இல்லை. தமிழ் கத்துக்கிட்டு, திருக்குறளை ஜெர்மன்ல மொழிபெயர்த்து 1856-ல் வெளியிட்டவர். சாதி சமூக வழக்கம்தான், கட்டாயப்படுத்தாம விட்டா வேதம் உள்ளே போகப் போக தானா கரைஞ்சுடும்னு அவர் வாதாடினார். அவர் பக்கம் நியாயமே இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா குறளை வரி வரியா படிச்ச மனுஷன் இப்படிச் சொன்னார்ங்கிறதுதான் ஜீரணிக்க முடியலை. ‘மெதுவா மாறும்’னு முன்வரிசையில உட்கார்ந்துக்கிட்டுச் சொல்றது ஈஸி பாஸ். பின்வரிசைக்காரனுக்கு அது இன்னொரு தலைமுறை.

கிரவுலை எதிர்த்தவங்கள்ல ஒருத்தர் கார்ல் ஓக்ஸ். லைப்சிக் மிஷனரி. சாதியோட சமரசம் முடியாதுன்னு சண்டை போட்டு வெளியேறிட்டார். சம்பளம் இல்லை, பின்னாடி ஆள் இல்லை. 1860-களின் தொடக்கத்துல மேல்பட்டாம்பாக்கத்துல பெத்தானியான்னு பேர் வெச்சு தனியா ஒரு சபையை ஆரம்பிச்சார். பண்ருட்டியிலிருந்து கடலூர் போறப்போ, நெல்லிக்குப்பத்துக்கு முன்னாடி வருமே, அதே ஊர்தான். பலாப்பழ வாசனையில தூங்கிட்டீங்கன்னா பஸ் தாண்டிடும். கொஞ்ச நாள்ல 1821-லேயே தொடங்கின டேனிஷ் மிஷனரி சங்கம் அவரைச் சேர்த்துக்கிச்சு. நம்ம ஊருக்கு டென்மார்க் வந்த வழி இதுதான். தென்னாற்காடு, வடாற்காடுன்னு பரவின வேலை திருவண்ணாமலையிலும் பள்ளிக்கூடமாவும் சபையாவும் வேர் விட்டது. 1913-ல் எல்லாம் சேர்ந்து ஆற்காடு லுத்தரன் திருச்சபை ஆச்சு. தலைமையகம் கடலூர்ல.

அப்போ பிரச்சனை தீர்ந்ததான்னு கேட்காதீங்க. தனித்தனி கல்லறைத் தோட்டம் இருக்கிற கிறிஸ்தவ ஊர்கள் தமிழ்நாட்டுல உண்டு. அரசாங்கக் கணக்கு இன்னொரு விதம். 1950-ல் வந்த ஜனாதிபதி உத்தரவுப்படி, பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவரா ஆனவங்களுக்கு எஸ்.சி. சான்றிதழ் கிடையாது. சீக்கியர்களை 1956-லும் பௌத்தர்களை 1990-லும் சேர்த்துக்கிட்டாங்க, எங்களைச் சேர்க்கலை. தமிழ்நாட்டுல பி.சி. லிஸ்ட். சர்டிபிகேட்டுல சாதி போயிடுச்சு, டீக்கடையில போகலை!

சந்தேகம்னா ஞாயித்துக்கிழமை பேப்பர்ல ‘மணமகள் தேவை’ பக்கத்தைப் புரட்டுங்க. ‘கிறிஸ்தவ’ன்னு ஆரம்பிக்கிற விளம்பரங்கள்ல அதுக்கு அடுத்த வார்த்தை என்னன்னு மட்டும் பாருங்க.